நோன்பு லீவில் குணமான தங்கச்சி

அந்தக் குரல் பதிவு என்னுடையதுதான். மறுக்கவில்லை. ஒன்றரை நிமிடம் ஓடும். "அஸ்ஸலாமு அலைக்கும், நான் விஞ்ஞானப் பிரிவில் படித்தவன்" என்று தொடங்கும். நடுவில் எங்கள் வீட்டுக் கோழி ஒன்று கத்தும். தில்லையடித் தாய்மாரின் வட்ஸ்அப் குழு ஒன்றில் புறப்பட்டு முந்தலுக்குப் போய், ஆலங்குடாவில் நான் ஒருநாளும் கண்டிராத ஒரு மீன்காரர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்றைக்கும் எங்கேயாவது ஒரு உம்மா அதைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் தன் பிள்ளையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அதில் நான் சொன்னது பிழை. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். "நடந்தது நடந்துபோச்சு, பேசாம இரி, டீச்சர்ட பேரு கெட்டுப்போகும்" என்று சொன்னவர்களும் படிக்கட்டும்.

என் தங்கச்சிக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கும் அவளுக்கும் இடையில் பிறந்த இரண்டு பேரும் கலியாணம் முடித்துப் போய்விட்டதால் வீட்டில் நாங்கள் நான்கு பேர். அவளைக் கடைக்குப் பாண் வாங்க அனுப்பினால் ஆள் வரும், பாண் வராது.

"பாண் எங்கடி?"

"உம்மா, அந்த ஹாஜியார் வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டிரிக்கு. ஒண்டுக்கு ஒரு காது மட்டும் கறுப்பு."

"பாண்?"

"ஓ... பாண்."

அவளுடைய செருப்பு வாசலில் ஒருநாளும் சோடியாகக் கிடந்ததில்லை. கொப்பியைத் திறந்தால் ஒரு வாக்கியம் நன்றாகத் தொடங்கும், பாதியில் நின்றுவிடும், மிச்ச இடத்தில் கறுப்புக் காதுள்ள ஓர் ஆட்டுக்குட்டி நிற்கும். சோற்றுக்கு இருந்தால் நாலு தரம் எழும்புவாள். கேட்ட கேள்விக்குப் பதில் வரும். ஆனால் நாங்கள் அடுத்த கேள்விக்குப் போன பிறகு வரும். உம்மா தண்ணி ஓதிக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். கையில் நூல் கட்டினார். அந்த நூலை அவள் மூன்றாம் நாள் ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டு வந்தாள். "அதுக்கும் பயம் வருது உம்மா" என்றாள்.

காலையில் ஓதப்போகும் மதரஸாவிலிருந்து மட்டும் அவளைப் பற்றி ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஆடி ஆடித்தான் ஓதுவார்கள். முன்னும் பின்னும் உடம்பை அசைத்துக்கொண்டு, தொண்டை கிழிய, ஆளுக்கொரு இடத்திலிருந்து. நானும் அப்படித்தான் ஓதினேன். புதிதாக வருகிறவருக்கு அது சந்தை இரைச்சல். உள்ளே இருக்கும் பிள்ளைக்குத் தன் குரல் மட்டும்தான் கேட்கும். தங்கச்சி தன்னைவிடப் பெரிய பிள்ளைகளைத் தாண்டி சூராக்களைப் பாடமாக்கியிருந்தாள். அதை நாங்கள் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. ஓதல் வேறு, படிப்பு வேறு என்பது எங்கள் வீட்டு எண்ணம்.

வாப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. மன்னாரிலிருந்து அகதியாக வெறும் கையோடு இங்கே வந்திறங்கியபோது அவர் இளந்தாரி. அதற்கு முன்பும் பள்ளிக்கூடப் பக்கம் போனவரல்ல. உம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆகவே வீட்டுக்குள் எந்தத் தாள் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். கரண்ட் பில், கிளினிக் கார்ட், மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் துண்டு, எல்லாம். "மகன் பார்த்தானா?" என்று வாப்பா கேட்பார். "மகன் பார்த்திட்டான்" என்று உம்மா சொல்வார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்த இரண்டு சொல்லில் எனக்கு ஒரு ருசி இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

தங்கச்சியின் டீச்சர் எங்களைக் கூப்பிட்டனுப்பியது நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முன்னால். எனக்கும் ஐந்தாம் ஆண்டில் அவர்தான் வகுப்பாசிரியை. பின்னேரங்களில் என்னை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்குச் சொல்லித்தந்தவர். ஸ்கொலசிப் சோதனை பாஸ் பண்ணியபோது எங்கள் வீட்டுக்கு வந்து என் தலையைத் தடவி அழுதவர். எங்கள் குடும்பத்தில் முதலாவதாகப் படித்தவன் நான் என்றால் அதில் அவருடைய கை இருக்கிறது. இதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொன்னால் நான் நேர்மை கெட்டவன்.

"மகன், உன்ட தங்கச்சிய என்னால வச்சிக்கொள்ள ஏலாம இரிக்கு" என்றார். "நாப்பத்தி மூணு புள்ளைகள். நான் பலகையில எழுதித் திரும்புறதுக்குள்ள இவ ஜன்னல்ல நிக்கிறா. பக்கத்துப் புள்ளைட பென்சில எடுத்து உடைச்சிப் பாக்குறா. இரிண்டா இரிக்கிறதும் இல்ல."

உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தங்கச்சி டீச்சரின் மேசையில் இருந்த முத்திரைக் கட்டையைத் தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் அலுமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டில் கொப்பிகள். மேல்தட்டில் பளபளப்பான பேணிகள், வரிசையாக. ஒரு பேணியில் கண்ணாடி போட்ட வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று சிரித்தது. அதன் தலைக்கு மேலே ஒரு மூளை மின்னியது. பக்கத்தில் மீனெண்ணெய்க் குளிசைப் போத்தலும் சப்பித் தின்னும் குளிசைப் போத்தலும்.

"இது மருந்தில்ல, சத்து. மூளைக்குப் போற சத்து குறைஞ்சாத்தான் புள்ளைகள் இப்பிடிக் குழம்புறது. என்ட புள்ளைகளுக்கும் இதைத்தான் குடுக்கிறன். நோன்பு மாசம் முழுக்கக் குடுத்துப் பாருங்க. லீவு முடிஞ்சி வரக்குள்ள ஆள் மாறியிருக்கும், இன்ஷா அல்லாஹ்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மாறல்லண்டா மகன், அதிபர்ட்டச் சொல்லி அந்தப் பக்கத்து அறைக்குத்தான் போட வேண்டி வரும். எனக்கு வேற வழியில்ல."

பக்கத்து அறையை எனக்குத் தெரியும். நூலகத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியோடு ஒட்டியிருந்தது. வாசிக்கத் தெரியாதவர்கள், பேச்சு வராதவர்கள், அடிக்கடி வலிப்பு வருகிறவர்கள் எல்லோரையும் ஒன்றாகப் போட்டுவைக்கும் இடம். நிரந்தரமாக ஓர் ஆசிரியர் கிடையாது. நான் படித்த காலத்தில் அங்கிருந்த பிள்ளைகள் வாளி தூக்கினார்கள், முற்றம் கூட்டினார்கள், ஆசிரியர்மாருக்குத் தேத்தண்ணி வாங்கி வந்தார்கள். அங்கே போன ஒரு பிள்ளை திரும்பி வகுப்புக்கு வந்து நான் பார்த்ததில்லை. என் தங்கச்சி வாளியோடு நிற்பது ஒரு கணம் கண்ணுக்குள் வந்தது. இரண்டு பேணியும் ஒரு மீனெண்ணெய்ப் போத்தலும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

வீட்டில் எல்லோரும் என்னைச் சுற்றி இருந்தார்கள். நான் பேணியை வெளிச்சத்துக்குப் பிடித்து, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்து, சத்துகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவற்றில் பாதி நான் உயர்தரத்துக்குப் படித்தவை. படித்தவையாக இருந்ததாலேயே நம்பிக்கை வந்தது. "நல்லதுதான்" என்றேன்.

"மகன் பார்த்திட்டான்" என்றார் உம்மா.

உம்மாவுக்கு ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சியது: குளிசையின் மேல்தோல் எதில் செய்தது? ஹலாலா? டீச்சர் ஆகும் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனாலும் உம்மா ஊசியால் குளிசையைக் குத்தி எண்ணெயைத் தேனில் பிழிந்து, தோலைத் தூர எறிந்தார். மணம் வீடு முழுக்க நின்றது. பூனைகள் கூடின.

"நானா, மீன் வாந்தியெடுத்த மாதிரி மணக்குது" என்று தங்கச்சி தன் அண்ணன் என்னிடம் முறையிட்டாள்.

"வாய மூடிக் குடி."

"வாய மூடினா எப்பிடிக் குடிக்கிற?"

நோன்பு துறந்து கஞ்சி குடித்த கையோடு அந்தத் தேன். பிறகு மாவைக் கரைத்து ஒரு கோப்பை. ஒருநாளும் தவறவில்லை. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்காகக் குடித்தாள்.

அந்த மாதம் அவள் நன்றாக இருந்தாள். பொய்யில்லை. காலையில் மதரஸாவில் ஆடி ஆடி ஓதினாள். பகலில் வாப்பாவுக்குப் பின்னால் உப்பளத்துக்குப் போய் வரம்பில் ஓடினாள். பின்னேரம் பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கப் போய், ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்தாள். யாரும் அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உம்மாவின் போனுக்கு ஒரு அழைப்பு வரவில்லை. கொப்பியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இல்லை. பதினைந்தாம் நோன்பளவில் உம்மா மெல்லச் சொன்னார்: "மகன், கண்ணூறு படப்போகுது, ஆனாலும் சொல்றன். அல்ஹம்துலில்லாஹ், வேலை செய்யுது."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டீச்சர் போன் எடுத்தார். உம்மா சொல்லியிருக்கிறார் போல. "மகன், நீ படிச்ச புள்ள. நீ சொன்னாத் தாய்மாருக்கு ஒரு தைரியம் வரும். ரெண்டு வார்த்தை குரல்ல போட்டு விடேன்." என்னிடம் அவர் கேட்ட முதலாவது உதவி அது. மூன்று தரம் பதிவு செய்தேன். முதல் இரண்டிலும் குரல் நடுங்கியது. மூன்றாவதில் கோழி கத்தினாலும் குரல் சரியாக விழுந்தது. ஒரு மாதம் கொடுத்தோம், ஒரு முறைப்பாடும் இல்லை, என் தங்கச்சி குணமாகிவிட்டாள் என்று அதில் சொன்னேன். "குணம்" என்ற சொல்லை நான்தான் போட்டேன். யாரும் கேட்கவில்லை.

பெருநாள் முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய மூன்றாம் நாள் உம்மாவின் போன் அடித்தது.

"கொஞ்சம் கூட மாறல்ல" என்றார் டீச்சர். "நீங்க ஒழுங்காக் குடுக்கல்ல போல. அந்த எண்ணெயக் குத்திக் குத்தி வெளிய எடுத்தா சத்துப் போயிரும்தானே. முழுசா விழுங்கச் சொல்லுங்க. மாவ ரெண்டு மடங்காக் கூட்டுங்க. கூட, அந்தச் சப்பித் தின்னுற குளிசையையும் சேர்த்துக் குடுங்க. ஒரு கிழமை பாக்கிறன்."

அந்தக் குளிசையையும் வாங்கிவந்து வைத்துவிட்டு உம்மா அழுதார். ஹலால் பார்த்ததால் பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டேன் என்று அழுதார். அந்த அழுகையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அழுதவரையல்ல, அழ வைத்ததை.

எனக்கு முந்தலில் ஒரு இறால் பண்ணையில் வேலை. குளத்துத் தண்ணீரை எடுத்து உப்பும் புளிப்பும் காற்றும் அளந்து கொப்பியில் எழுதுவேன். அந்தக் கிழமை பண்ணைக்கு ஒரு விற்பனைக்காரன் வந்தான். இறால் கெதியாக வளரும் என்று ஒரு மாவை மேசையில் வைத்தான். எங்கள் முதலாளி சிங்களவர், எட்டாம் வகுப்பு. அவர் அந்த மாவை மணந்துகூடப் பார்க்கவில்லை. என்னிடம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னார்: "ஏழாம் குளத்துக்குப் போடு. எட்டாம் குளத்துக்குப் போடாதே. ரெண்டையும் ஒரே மாதிரிப் பார். அறுவடைக்குப் பிறகு இவரோட கதைப்போம். இன்னொண்டு, தண்ணி மாத்துற கிழமையில தொடங்காதே. பிறகு தண்ணி செஞ்சதா, மா செஞ்சதாண்டு தெரியாது."

அவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அது நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் என் கையாலேயே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதியது. அளவுக் குழாயைக் கீழே வைத்துவிட்டு நோன்பு மாதத்தின் நாட்களை விரல்விட்டு எண்ணினேன்.

நோன்பு மாதம் முழுக்க எங்கள் பள்ளிக்கூடங்கள் லீவு. அந்த ஒரு மாதமும் அவள் வகுப்பு வாங்கில் இருக்கவேயில்லை. டீச்சர் அவளைக் காணவேயில்லை. முறைப்பாடு சொல்ல ஆளில்லாத மாதத்தில் முறைப்பாடு வரவில்லை என்று நாங்கள் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னோம்; நான் ஊருக்கே சாட்சி சொன்னேன். என் தங்கச்சியின் குளத்தில் தண்ணீரையே மாற்றிவிட்டு, மா வேலை செய்தது என்று சொன்னவன் நான். விஞ்ஞானப் பிரிவில் படித்தவன்.

அடுத்த கிளினிக் நாளில் லீவு போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வாப்பாவும் வந்தார். மனநல வைத்தியர் ஒரு சிங்களப் பெண். நான் மொழிபெயர்த்தேன். பேணிகளையும் போத்தலையும் சப்பும் குளிசையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். டொக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார். அந்த நேரம் தங்கச்சி சுற்றும் கதிரையில் மூன்று சுற்று முடித்துவிட்டு மேசைக்குக் கீழே போயிருந்தாள்.

"இந்த மாவிலயும் சப்புற குளிசையிலயும் ஒரே விட்டமின்தான் இருக்கு" என்றார் டொக்டர். "அதை ரெண்டு மடங்காக் குடுக்கச் சொன்னது யார்?"

பேணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் படித்துக் காட்டியவன் நான்தான்.

டொக்டர் நிறையக் கேட்டார். எந்த வயதிலிருந்து, வீட்டிலுமா பள்ளிக்கூடத்திலுமா, நித்திரை எப்படி, காது கேட்குமா. மேசைக்குக் கீழேயிருந்து ஒரு கேள்வி வந்தது: "நானா, டொக்டருக்குப் புள்ளைகள் இரிக்காண்டு கேளு. அவங்களும் இந்த மாவா குடிக்கிற?"

மொழிபெயர்த்தேன். டொக்டர் சிரித்துவிட்டார். "இரண்டு பேர் இருக்காங்க. அவங்க சோறுதான் சாப்பிடுறாங்க என்று சொல்லுங்க."

அவளுக்கு இருப்பதற்கு ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் ஒரு பெயர் உண்டு. தமிழில் கவனக் குறைபாடு என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவளிடம் கவனம் குறையவில்லை, அது நாங்கள் காட்டும் இடத்தில் நிற்பதில்லை, அவ்வளவுதான். டொக்டரும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். வளர்ப்புப் பிழையில்லை. சத்துக் குறைவால் வந்ததில்லை. இரத்தம் சோதிப்போம், ஏதாவது ஒன்று குறைந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் கொடுப்போம். குறையாத பிள்ளைக்கு ஊற்றுவதில் பலனில்லை. மீனெண்ணெயையும் பலர் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், பேணிக்காரர் சொல்கிற அளவுக்கு ஒன்றும் காணவில்லை. நீங்கள் இருப்பது கடற்கரையில். சூடைமீன் வாங்கிக் கொடுங்கள், எல்லாப் பிள்ளைக்கும் நல்லது. வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்கிக் கொடுங்கள். எழும்பி நிற்க விடுங்கள். மருந்தும் இருக்கிறது, தேவையா என்று பார்த்துத்தான் சொல்வேன். தேவை என்றால் பயப்படாதீர்கள்.

வாப்பா அவ்வளவு நேரமும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "ஒண்டு கேளு மகன். என்ட புள்ளைக்குப் பைத்தியமில்லத்தானே?"

டொக்டருக்கு அது விளங்கிவிட்டது. என்னைப் பார்க்காமல் வாப்பாவைப் பார்த்தே, உடைந்த தமிழில் சொன்னார்: "இல்லை ஐயா. நல்ல பிள்ளை."

பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் தந்தார். வகுப்பை மாற்றத் தேவையில்லை, முன் வாங்கில் வைக்கவும், இடைக்கிடை நின்றுகொண்டு வேலை செய்ய விடவும் என்று எழுதியிருந்தது.

கடிதத்தைக் கொண்டுபோன நாளில் டீச்சரின் மேசையில் வேறொரு தாள் தயாராக இருந்தது. பக்கத்து அறைக்கு மாற்றுவதற்குப் பெற்றோரின் சம்மதப் படிவம். வாப்பா உப்பளத்திலிருந்து நேரே வந்திருந்தார். காலில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. இடைவேளை நேரம். வராந்தாவில் இன்னும் இரண்டு தாய்மார் நின்றார்கள்.

டீச்சர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துவைத்தார். "டொக்டர்மாருக்கு என்ன, எழுதிருவாங்க. நாப்பத்தி மூணு புள்ளையோட நிக்கிறது நான். மகன், நீயே சொன்னாயே குணமாகிட்டாண்டு. உன்ட குரல் இன்னும் என்ட போன்ல இரிக்கு."

"இரிக்கு டீச்சர். அது பிழை. அந்த மாசம் முழுக்க நீங்க அவளக் காணவேயில்ல."

"வீட்டுல நல்லா இருந்தாண்டுதானே சொன்னாய்?"

"வீட்டுல அவ எப்பவும் நல்லாத்தான் இரிக்கிறா."

அவர் முகம் சிவந்தது. "அப்ப நான் பொய் சொல்லி வித்தன்ங்கிறியா? என்ட சொந்தப் புள்ளைகளுக்குக் குடுக்கிறத்தைத்தான் தந்தன்."

"நீங்க பொய் சொல்லல்ல. நம்பிச் சொன்னீங்க. நானும் நம்பிச் சொன்னன். ரெண்டு பேரும் பிழை."

"உனக்குக் கணக்குச் சொல்லித்தந்தவ நான். இப்ப எனக்கே படிப்பிக்க வந்திட்டாய், என்ன?"

ஒன்பது வயதில் அவர் முன் கணக்குக் கொப்பியோடு நின்றவன் நான். ஆனால் நான் இறங்கவில்லை. "நீங்க சொல்லித்தந்ததாலதான் டீச்சர் கதைக்கிறன். இவ ஓதப்போற இடத்துல ஆடி ஆடி இவ்வளவு பாடமாக்கியிருக்கா. இரிக்க ஏலாத நேரம் பின்னால அந்த அலுமாரிக்குப் பக்கத்துல நிக்க விடுங்க. ஆட விடுங்க. வேற ஒண்டும் கேக்கல்ல."

"இது ஓதப்பள்ளி இல்ல, மகன்."

"அதுவும் படிக்கிற இடம்தானே."

வராந்தாவில் நின்ற தாய் ஒருத்தி "ஓம், அது சரி" என்று சொல்லிவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்.

டீச்சர் என்னை விட்டுவிட்டு வாப்பாவிடம் திரும்பினார். படிவத்தை நீட்டி, மைப்பெட்டியையும் திறந்து வைத்தார். "நீங்க வைங்க. புள்ளைட நல்லதுக்குத்தான். மகன் ஆத்திரத்துல கதைக்கிறான்."

வாப்பா வாழ்நாளில் எத்தனையோ தாளுக்கு அந்தப் பெருவிரலை வைத்தவர். அகதி அட்டைக்கு, நிவாரணத்துக்கு, காணிக்கு, மீள்குடியேற்றப் பதிவுக்கு. வை என்ற இடத்தில் வைத்துப் பழகிய விரல். அவர் மைப்பெட்டியைப் பார்த்தார். பிறகு மெல்ல அதன் மூடியை மூடினார்.

"டீச்சர், எனக்கு எழுத்துத் தெரியாது. என்னட்ட இரிக்கிறது இந்த விரல் மட்டும்தான். இதை நான் தரமாட்டன்."

அவ்வளவுதான் சொன்னார். சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. அதிபரும் பிறகு அதைத்தான் சொன்னார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. தங்கச்சி வகுப்பிலேயே இருந்தாள்.

அன்று பின்னேரம் பண்ணைக்குப் போய் ஏழாம் குளத்துக் கரையில் நின்று இரண்டாவது குரல் பதிவைச் செய்தேன். ஒரே தரம். குளத்துக்குக் காற்றூட்டும் காற்றாடிகள் தண்ணீரை அடிக்கும் சத்தம் அதில் கேட்கும். என் தங்கச்சி குணமானதாக நான் சொன்ன மாதம் நோன்பு லீவு, யாரும் அவளைப் பள்ளிக்கூடத்தில் பார்க்கவில்லை, பேணியில் இருப்பது மருந்தில்லை, பிள்ளைக்கு இப்படி இருந்தால் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன். பத்து நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். படிச்ச திமிர் என்றார்கள். தங்கச்சியைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் என்றார்கள். பிறகு டொக்டர் அவளுக்குச் சின்ன அளவில் ஒரு குளிசை தொடங்கியபோது, சத்து மாவைக் குறை சொன்னவன் தங்கச்சிக்கு மருந்து தீத்துகிறான் என்றும் கதைத்தார்கள். கதைக்கட்டும். அந்தக் குளிசையை எழுதியவர் மாதா மாதம் அவளைப் பார்க்கிறார், நிறை பார்க்கிறார், எப்படி இருக்கிறாய் என்று அவளிடமே கேட்கிறார். பேணி யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை.

முதல் பதிவு போன இடமெல்லாம் இரண்டாவது போகவில்லை. எனக்குத் தெரியும். நல்ல செய்தி ஓடுகிற வேகத்தில் திருத்தம் ஓடாது. ஆனாலும் இருட்டுவதற்குள் என் போனுக்குத் தனியாக நாலு செய்தி வந்தது. ஒன்று வராந்தாவில் நின்ற அந்தத் தாயுடையது. "தம்பி, அந்த டொக்டர் எந்தக் கிழமை இருப்பாங்க? யாருக்கும் சொல்லாதீங்க." சொல்லமாட்டேன். ஆனால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ள வேண்டியவர் அவரில்லை என்பதை மட்டும் உரக்கச் சொல்வேன்.

ஸ்கொலசிப்பில் தங்கச்சிக்குப் புள்ளி போதவில்லை. வினாத்தாளைக் கடைசிப் பக்கம் வரை செய்துவிட்டு வந்தாள். எங்களுக்கு அது போதும். டீச்சரும் நானும் வீதியில் கண்டால் ஸலாம் சொல்லிக்கொள்வோம், நிற்கமாட்டோம். அந்த அலுமாரியை அவர் ஒரு முழம் தள்ளிவைத்து, பின்சுவரோரம் ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்தார் என்பதையும் எழுதுகிறேன். அலுமாரியின் மேல்தட்டில் பேணிகள் அப்படியேதான் இருந்தன. இரண்டும் உண்மை.

ஸ்கொலசிப்புக்கு முந்திய ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்கப் போனேன். டீச்சர் லீவு. புதிதாக வந்த ஒரு சேர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். தங்கச்சி சுவரோரம் நின்று, கொப்பியை அலுமாரி விளிம்பில் வைத்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு எழுதினாள்.

"ஏய், பின்னால நிக்கிற புள்ள! இரி!"

அவள் எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தாள். முழு வரியையும். பிறகு பைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த, ஓரம் அழுக்கேறிய ஒரு போட்டோக்கொப்பியை எடுத்து விரித்து, நெஞ்சுக்கு முன்னால் பிடித்தாள்.

"ஏலாது சேர்" என்றாள். "நிக்கிறத்துக்கு என்னட்டக் கடிதம் இரிக்கு."